எந்த மாதம் வரலாம்?

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளாதே. நிதானமாக உட்கார்ந்து படி. நீ எப்படி இருக்கிறாய்? அந்த ஈரக்காற்றில் உன் பழைய இருமல் அடங்கியதா? இங்கே சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், வேலைக்குப் போகிறோம். அதற்குப் பெயர் நலம் என்றால், நலம்.

வருஷத்துக்கு ஒரு அட்டை அனுப்புகிறாய். முன்பக்கம் திமிங்கலத்தின் வால், பின்பக்கம் 'சுகம்' என்று ஒரே சொல். நானும் இரண்டு வரி பதில் போட்டுக் காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது காகிதம் காகிதமாக எழுதுகிறேன் என்றால் காரியம் இல்லாமலா?

நம் தெருக்கோடியில் ஒரு பல் டாக்டரம்மா இருக்கிறாள். புருஷனோடு உன் கப்பலில் வந்துவிட்டுப் போனாளாம். தெருவில் ஒருத்தரை விடாமல் பிடித்து நிறுத்திச் சொல்கிறாள். வீட்டுக்கும் வந்தாள். "மைக்ல ஒருத்தர் பேசிக்கிட்டே வந்தாரு பாருங்க, திமிங்கலத்த விட்டுட்டு அவரைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். அது என் கொழுந்தன் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உன் அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்ததால் விழுங்கிவிட்டேன். அவர் செய்தித்தாளின் ஒரே பக்கத்தை, அவள் எழுந்து போகும் வரை படித்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் ஒருமுறை உன் கப்பலில் வர ஆசை. எந்த மாதம் வந்தால் நன்றாகப் பார்க்கலாம்? சீக்கிரமே வரக்கூடிய மாதமாகச் சொல். கப்பலில் ஏற எத்தனை படி? பகலில் படுத்துக்கொள்ள இடம் இருக்குமா? டாக்டர் யாராவது கூட வருவார்களா? துணைக்கு ஒருத்தரை அழைத்து வருவேன்.

டிரைவிங் ஸ்கூல் நடக்கிறது. இப்போது வண்டியை உதவியாளர்தான் எடுக்கிறார். உன் அண்ணன் மேஜையில் உட்கார்ந்து சாலைக் குறிகளை மட்டும் சொல்லிக்கொடுக்கிறார். முப்பது வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் போட்ட கால் அல்லவா, கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

போன் வேண்டாம். இந்த வீட்டில் கிசுகிசுத்தாலும் அடுத்த அறைக்குக் கேட்கும். நான் வேலை செய்யும் பள்ளிக்கூட ஆபீஸ் விலாசத்துக்கே பதில் போடு.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் சொன்னபடி உட்கார்ந்துதான் படித்தேன். இருமல் கடலில் எங்கேயோ தொலைந்துவிட்டது. உங்கள் கால் மூட்டு எப்படி இருக்கிறது? படி எத்தனை, படுக்க இடம் உண்டா என்று கேட்டதைப் பார்த்தால் மூட்டு தகராறு செய்கிறது போலிருக்கிறது.

பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். ஒரு பயணம் பத்துப் பன்னிரண்டு நாள். துறைமுக ஆபீசில் ஒரு அம்மாள் இருக்கிறாள், எங்களுக்குள் அவள் பெயர் பூட்டு. கடிதமோ போனோ, நல்லதோ கெட்டதோ, கரையிலிருந்து வருகிற எந்தச் செய்தியையும் கப்பல் திரும்பும் வரை பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள். முதலாளி போட்ட விதி. வழிகாட்டி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றால் பயணிகளுக்கு என்ன சந்தோஷம் என்பது அவர் கணக்கு. நடுக்கடலில் நமக்கு எந்தக் கவலையும் கிடையாது. கரையில் இறங்கியதும் எல்லாம் மொத்தமாக வந்து விழும்.

விஷயத்துக்கு வருகிறேன். எந்த மாதம் என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது அண்ணி. பிப்ரவரியில் வந்தால் அலையும் மழையும்தான். மிருகத்தைப் பார்ப்பதற்குப் பதில் வாந்தி வாளியைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மார்ச், ஏப்ரலில் தாய்த் திமிங்கலங்கள் குட்டியோடு கடந்து போகும். குட்டி இருந்தால் பக்கத்தில் போகக் கூடாது, சட்டம். தூரத்தில் ஒரு புள்ளி தெரியும், அதைத் திமிங்கலம் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும். மே, ஜூனில் பாறைத்தீவு முழுக்கப் பறவைகள் முட்டையிடும். கண்ணுக்குக் குளிர்ச்சி, ஆனால் மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். ஜூலையில் பனிமூட்டம். நம் கையே நமக்குத் தெரியாது.

செப்டம்பர்தான் மாதம். அப்போது மீன் கூட்டம் மேலே வரும். அதைத் தின்னத் திமிங்கலங்கள் வரும். வாயைப் பிளந்துகொண்டு எழும்பி, முழு உடம்போடு விழும். டால்பின்கள் கப்பலோடு ஓட்டப் பந்தயம் வைக்கும். கடலும் எண்ணெய் தடவிய மாதிரி கிடக்கும். வாழ்க்கையில் ஒருதடவை வருகிறவர்கள் உருப்படியாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். கப்பலை ஒரு கடிகாரமாக நினைக்க வேண்டும். மூக்கு பன்னிரண்டு, பின்பக்கம் ஆறு, வலது கை மூன்று, இடது கை ஒன்பது. "பத்து மணியில் வால்" என்று நான் மைக்கில் கத்தினால் எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். யாராவது ஒருத்தர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். ஒவ்வொரு பயணத்திலும் அப்படி ஒரு ஜீவன் உண்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆபீசில் படித்துச் சிரித்ததில் தலைமை ஆசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நீ சுகமாக இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. என் மூட்டுக்கு ஒன்றும் இல்லை. இரண்டு மாடி ஏறி இறங்குகிறேன்.

செப்டம்பர் ரொம்பத் தள்ளி இருக்கிறதே தம்பி. மார்ச்சில் வந்தால் என்ன? புள்ளி தெரிந்தால் புள்ளியைப் பார்த்துவிட்டுப் போகிறோம். நீ திமிங்கலம் என்றால் திமிங்கலம்.

கடிதத்தில் ஒருவரைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க மாட்டாய் என்று தெரியும். துணைக்கு வருகிறவர் அவர்தான். நான் இழுத்து வரவில்லை. அந்தப் பல் டாக்டரம்மா வந்து போன அன்று சாப்பிடும்போது அவராகத்தான் ஆரம்பித்தார். "அந்தக் கப்பலுக்கு எந்த மாசம் போறாங்களாம்?" என்றார். யாரைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அவனையே கேளு. நான் கேட்டேன்னு சொல்லாத" என்றார். சொல்லிவிட்டேன். என் வயிற்றில் எதுவும் நிற்காது என்று உனக்குத் தெரியுமே.

அவருடைய பழைய பெல்ட்டில் நேற்று ஆணியால் ஒரு புது ஓட்டை போட்டுக்கொடுத்தேன். இளைத்துவிட்டார், அதற்கென்ன, அந்தத் தொப்பையோடு உன் படிகளில் எப்படி ஏறுவார் என்று நானே கேலி செய்தேன்.

மார்ச் முடியாவிட்டால் ஏப்ரல். டாக்டர் உண்டா என்று கேட்டிருந்தேன், நீ மறந்துவிட்டாய்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கைக்கு வந்து நாளாகிறது. எழுத நேரம் கிடைக்கவில்லை. நான் சுகம்.

ஏப்ரல் சரிப்படாது. இந்த வருஷம் குட்டிகள் கரையை விட்டு ரொம்ப விலகிப் போகின்றன. போன பயணத்தில் ஒரு முழு நாள் வெறும் தண்ணீரைக் காட்டிப் பேச்சை ஓட்டினேன். அண்ணனைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஒன்றும் தெரியாவிட்டால் ஊரே கேட்கிற மாதிரி "இதுக்கா இவ்வளவு தூரம்" என்பார். அத்தனை பேர் முன்னால் எனக்கு அது தேவையில்லை. அவர் வருவதாக இருந்தால் செப்டம்பரில்தான் வர வேண்டும். வாயை மூட முடியாத காட்சியாகக் காட்டுகிறேன். அப்போதாவது நான் இங்கே வெட்டியாகச் சுற்றிக்கொண்டிருக்கவில்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.

காத்திருப்பது எப்படி என்றும் அவருக்குக் கொஞ்சம் தெரியட்டும் அண்ணி. அப்பாவை எடுக்க ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்காகக் காத்திருக்க முடியவில்லை அவருக்கு. ஓடி வந்து கேட்டதற்கு வாசலில் நிற்க வைத்தே "மனசிருந்தா வந்திருப்ப" என்றார். பதினோரு வருஷம் ஆகிறது, அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அப்பனுக்குக் காத்திருக்காத மனுஷன் மீனுக்காவது காத்திருக்கட்டுமே.

எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும், அப்படியே அனுப்புகிறேன்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்பதைத் தவிர உன் கடிதத்தில் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கோபம் உன் உரிமை. அதை எனக்கு அனுப்பினாய், நானும் வாங்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அதைப் படித்தது நான் மட்டும் இல்லை.

இரண்டு வாரமாக உன் அண்ணன் ஒரு தினுசாகப் பேசுகிறார். "தண்ணி எங்கே?" என்று நான் தேடினால் "மூணு மணியில" என்கிறார். கண்ணாடி எங்கே என்றால் "ஏழரைல பாரு, போர்வைக்கு அடியில" என்கிறார். முதலில் மாத்திரை மயக்கமோ என்று பயந்தேன். பிறகுதான் உறைத்தது. கட்டிலில் அவர் தலைமாடு பன்னிரண்டு. என் கைப்பையில் உன் கடிதங்களை மூன்றாக மடித்து வைத்திருந்தேன், எடுத்துப் பார்த்தால் நான்காக மடிந்திருக்கின்றன. முப்பது வருஷம் அடுத்தவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கை, என் பையைத் திறக்கத் தயங்குமா?

கேட்டேன். மறைக்கவில்லை. உன் முதல் கடிதத்தை எடுத்துவரச் சொல்லி அந்த ஆபீஸ் அம்மாளைப் பற்றி எழுதியிருந்த இடத்தை மறுபடியும் படித்தார். "அப்பவும் இதே பூட்டுதானா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். எழுதட்டுமா என்றேன். "எழுதினா சாக்கு மாதிரி இருக்கும். மூஞ்சிய பாத்துச் சொல்லணும்" என்றார். அதற்கு மேல் வாயைக் கிண்டியும் பலனில்லை. கல்லுளிமங்கன்தான், உனக்குத் தெரியாதா.

உன் இரண்டாவது கடிதத்தையும் படித்துவிட்டார். அந்த மீன் வரியையும் சேர்த்து. கத்துவார் என்று பார்த்தேன். "செப்டம்பர்னா செப்டம்பர். காத்திருக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

அவர் காத்திருக்கலாம் என்கிறார். நான் வேண்டாம் என்கிறேன். தம்பி, மே மாதம் வருகிறோம். பறவை போதும். பறவை இல்லாவிட்டால் ஒரு காக்காய் போதும். அவருக்கு நீ மைக்கில் பேசுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை, திமிங்கலமெல்லாம் வெளிக்குச் சொல்வது. எல்லாவற்றையும் எழுத எனக்கு அனுமதி இல்லை. எழுதாத இடத்தையும் படித்துக்கொள்.

மூன்றாம் முறையாகக் கேட்கிறேன், கப்பலில் டாக்டர் உண்டா?

அண்ணி


மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். அடுத்தடுத்து இரண்டு பயணம், இடையில் ஒரே நாள்தான் கரை. உங்கள் கடிதம் பூட்டின் பெட்டியில் கிடந்தது. மே முடியப் போகிறது, மன்னியுங்கள்.

டாக்டர் கிடையாது. முதலுதவி படித்த இரண்டு சிப்பந்திகள் இருக்கிறார்கள். படி செங்குத்து, பிடித்து ஏற்ற ஆள் இருக்கிறது.

அண்ணனுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா? மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்களே. சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லுங்கள். ஆமாம் என்றால் ஜூன் நடுவில் கிளம்புகிற பயணத்திலேயே இடம் போட்டுவிடுகிறேன், முதலாளி காலில் விழுந்தாவது. சாதாரண சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்றால் அவசரப்பட வேண்டாம், செப்டம்பரே வாருங்கள். ஜூனில் தீவு நாறும், அவருக்கு எரிச்சல்தான் வரும். வந்ததும் வராததுமாக முதல் நாளே நாங்கள் இருவரும் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். மன்னிப்பு கேட்கிற ஆள் இல்லை அவர். திட்டுவதானால் எழுதியே திட்டலாமே.

உங்கள் ஒரு வரிக்காகக் காத்திருக்கிறேன்.

உங்கள் தம்பி


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை உன் அண்ணனுக்கு எதிரில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் கடிதத்தை இந்த முறை நானே அவர் கையில் கொடுத்தேன். படித்ததும் காகிதமும் பேனாவும் எடுத்துவரச் சொன்னார்.

"உடம்பு எப்படின்னு கேட்டிருக்கான். நல்லாருக்கேன்னு எழுது" என்றார்.

எழுத மாட்டேன் என்றேன். "நோயாளியா போய் நின்னா அவன் பாவம் பாத்துக் கூப்பிட்டதா ஆயிடும். காசு கொடுத்து டிக்கெட் எடுத்து, எல்லாரையும் மாதிரி ஏறுறேன். எழுது" என்றார். அதையும் எழுதாதே என்கிறார். எழுதியதைப் பார்த்து இப்போது கத்துகிறார். இந்தக் காகிதத்தைக் கிழிக்கச் சொல்கிறார். கிழித்துவிட்டு வேறு காகிதத்தில் எழுதுகிறேன்.


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்ட ஒரு வரி: எல்லோரும் நலம்.

நீ சொன்னபடி செப்டம்பரிலேயே இடம் போடு. கீழே உன் அண்ணன் தன் கையால் ஒரு வரி எழுதுகிறாராம். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பேனா சரியில்லை.

அண்ணி

இடது பக்கமா சீட் போடு. எனக்கு பக்கத்து சீட்டுதான் பழக்கம்.


ஆகஸ்ட் 24

அன்புள்ள அண்ணிக்கும் அண்ணனுக்கும்,

வணக்கம். இருவர் பெயரையும் சேர்த்து எழுதியே எத்தனை வருஷம் ஆயிற்று! சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஜூலை முழுக்கப் பனி, ஆகஸ்டில் எஞ்சின் பழுது, அதனால்தான் பதில் இவ்வளவு தாமதம். அண்ணன் எழுதிய அந்த வரியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். கேப்டனிடம் காட்டினேன். "என்ன எழுத்துய்யா இது, உன் எழுத்தை விட மோசமா இருக்கு" என்றார். எங்கள் வீட்டு எழுத்து அப்படித்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி கிளம்புகிற பயணம். மேல்தளத்தில் இடது பக்கம், கம்பிக்கு அருகில் இரண்டு இருக்கை. பயணிகள் எல்லோரும் சண்டை போடுகிற இடம் அது. ஒன்பது மணிப் பக்கம் என்ன எழும்பினாலும் முதலில் தெரிவது அண்ணனுக்குத்தான். மீன் கூட்டம் இப்போதே மேலே வர ஆரம்பித்துவிட்டது. பத்து வருஷத்தில் இப்படி ஒரு சீசனை நான் பார்த்ததில்லை. பார்த்தீர்களா, காத்திருந்தது வீண் போகவில்லை.

தடித்த கம்பளிச் சட்டை, காதை மூடுகிற குல்லா, ரப்பர் அடி வைத்த செருப்பு இவை போதும். குடை வேண்டாம், பறந்துவிடும். கிளம்புகிற அன்று காலையில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள், கேட்க மாட்டார், இருந்தாலும் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டியது அந்தப் பழைய விஷயம் என்றால், அதை எடுக்கவே வேண்டாம். நானும் எடுக்க மாட்டேன். பேச எங்களுக்குத் திமிங்கலம் இருக்கிறது. முதல் நாள் மைக்கைப் பிடித்ததும், "இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர், அவர் பிரேக் போட்டால் இந்தக் கப்பலே நின்றுவிடும், ஜாக்கிரதை" என்று சொல்லப் போகிறேன். யாருக்கும் சொல்லாமல் வைத்திருங்கள். இல்லை, இந்தக் கடிதத்தையும் அவர் படித்துவிடுவார். படிக்கட்டும்.

துறைமுக வாசலில் நிற்பேன்.

உங்கள் தம்பி


செப்டம்பர் 3

தம்பிக்கு,

உன் கடிதம் முப்பதாம் தேதி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. உன் அண்ணன் ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலையில் போய்விட்டார். அவர் படிக்காத முதல் கடிதம் இதுதான்.

போன நவம்பரிலேயே கணையம் என்று சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம், மிஞ்சினால் எட்டு மாதம் என்றார் டாக்டர். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினார். வாங்கியவர் போய்விட்டார், இனி எனக்கு யார் தடை?

அவர் சொல்ல நினைத்தது மன்னிப்பும் இல்லை, திட்டும் இல்லை. மாமா போனபோது உன் அண்ணன் உனக்காகக் காத்திருந்தார். ஒரு நாள் இல்லை, மூன்று நாள். ஐஸ் தீரத் தீர அவரே போய் வாங்கி வந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் "இன்னும் என்னப்பா" என்று நச்சரித்தார்கள். "தம்பி வரணும்" என்று அதையே சொல்லிக்கொண்டு வாசலில் நின்றார். உன் துறைமுக ஆபீசுக்குத் தினம் ஒரு போன். "சொல்லிடறோம் சார்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். மூன்றாம் நாள் சாயங்காலம், நீ வேண்டுமென்றே வரவில்லை என்று அவர் மனசில் விழுந்துவிட்டது. அதன் பிறகுதான் எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து நீ வந்து வாசலில் கத்தினாய், அவரும் கத்தினார், காத்திருந்ததைச் சொல்ல அவருக்கு ரோஷம் விடவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன், நீ அதற்குள் தெருவைத் தாண்டிவிட்டாய். அட்டையில் எழுதுகிற விஷயமா அது?

பூட்டைப் பற்றி நீ வேடிக்கையாக எழுதினாயே, அதைப் படித்த அன்றுதான் அவருக்கு விஷயம் புரிந்தது. நடந்தது இதுதான் என்று எனக்கு ஜூலையில்தான் சொன்னார், அதுவும் பாதி மூச்சில். "அவனுக்குத் தெரியவே தெரியாதுடி. நான் காத்திருந்தது தெரியாமலே இத்தனை வருஷம் இருந்துட்டான். பாவம்." உன்னைப் பாவம் என்றார். அதைச் சொல்லத்தான் உன் கப்பலில் ஏற நினைத்தார்.

அவர் அப்படி நினைத்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு அவரைப் போல நல்ல மனசு கிடையாது, அதனால் கேட்கிறேன். அந்த விதி உனக்கு எத்தனை வருஷமாகத் தெரியும்? வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருப்பார்களே. கரையில் இறங்கியதும் எல்லாம் மொத்தமாக வந்து விழும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் மூன்று நாள் மூன்று செய்தியும் சேர்ந்துதானே உன் கையில் விழுந்திருக்கும்? அதில் தேதி இருந்ததா, இல்லையா? ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்று எந்தக் கணக்கில் எழுதினாய்?

இந்த முறை நாங்கள் காத்திருக்கவில்லை. உனக்குச் சொல்லி அனுப்பவும் இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எங்களுக்கு இப்போது தெரியும். செய்தி பெட்டியில் கிடக்கும், நீ மைக்கில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பாய். மறுபடியும் ஒரு முறை வாசலில் நின்று உன் வழியைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நீ எழுதும் முன்பே கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருந்தார். சின்ன அளவு. கடைக்காரர் பையனுக்கா என்று கேட்டாராம்.

அண்ணி


செப்டம்பர் 22

அண்ணிக்கு,

இருபதாம் தேதி கப்பல் கரைக்கு வந்தது. உங்கள் கடிதத்தைப் பூட்டு என் கையில் கொடுத்தாள். எட்டாம் தேதியே வந்துவிட்டதாம், கிளம்புவதற்கு முந்தின நாள் வருவதையும் பூட்டிவிடுவது அவள் வழக்கம். ஒன்பதாம் தேதி நான் துறைமுக வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அது அவள் பெட்டியில் இருந்திருக்கிறது.

நீங்கள் வரவில்லை என்றதும் கோபம்தான் வந்தது. கடைசி நேரத்தில் அண்ணன் வீம்பு பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். இரண்டு இருக்கையையும் யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம் ஆள் வருகிறார்கள் என்று சொன்னேன். நான்காம் நாள் இடது பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், இரண்டு திமிங்கலங்கள் சேர்ந்தாற்போல் எழும்பின. இத்தனை வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. "ஒன்பது மணியில்" என்று மைக்கில் கத்தினேன். காலி இருக்கைக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாம் கை தட்டினார்கள். அண்ணனுக்கு இது கொடுத்து வைக்கவில்லை, நன்றாக வேண்டும் என்று அந்த நிமிஷம் நினைத்தேன் அண்ணி. அதை யாரிடம் சொல்வது?

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன்.

வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டுக்கு வர வேண்டும். அவர் உட்கார்ந்த இடத்தையாவது பார்க்க வேண்டும். நான் எந்த மாதம் வரலாம்? நீங்கள் சொல்கிற மாதம் வருகிறேன்.

தம்பி


அக்டோபர் 14

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வேலையை விடாதே. பேசுவதற்குப் பிறந்தவன் நீ, கரையில் உன்னை யார் கேட்பார்கள்?

எந்த மாதம் வரலாம் என்று கேட்டிருக்கிறாய். ஒரே சொல்லில் சொல்ல முடியாது.

அக்டோபர் வேண்டாம். டிரைவிங் ஸ்கூல் வண்டியை விற்கிறேன், பார்க்க வருகிறவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நவம்பரில் பள்ளிக்கூடத்தில் பரீட்சை, நான் வீட்டிலேயே இருக்க மாட்டேன். டிசம்பரில் சின்ன வீடாகப் பார்த்து மாறுகிறேன். அதற்குப் பிறகு நீ வந்தால் அவர் உட்கார்ந்த இடம் என்று காட்ட ஒன்றும் இருக்காது.

ஜனவரி நல்ல மாதம். மேஜையில் உட்கார்ந்திருந்தார். சாலைக் குறிகளைச் சொல்லிக்கொடுக்கும்போது மாணவர்களைத் திட்டுகிற சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. மார்ச்சில் வாசல் வரை நடந்து போய் நின்றார். தபால்காரர் நம் தெருவுக்கு வருகிற நேரத்தில்தான் நிற்பார், உன் கடிதம் பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும் என்று தெரிந்தும். ஏப்ரலில் வந்திருந்தால் மூன்று மணி, ஏழரை மணி என்று அவர் அடித்த கூத்தைப் பார்த்திருக்கலாம். மே மாதம் நிறையப் பேசினார், முக்கால்வாசி உன்னைப் பற்றித்தான். நீ முதன்முதலில் வண்டி ஓட்டி மதிலில் இடித்ததை எனக்கே நாலு தடவை சொன்னார். ஜூனில் பேனா பிடித்தார். ஜூலையில் பேச்சு குறைந்துவிட்டது, ஆனால் குரலை அடையாளம் கண்டுகொண்டார். நீ வந்து "அண்ணே" என்றிருந்தால் கண் திறந்திருப்பார்.

ஒருதடவை வருகிறவர்கள் உருப்படியாகப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று நீதானே எழுதினாய். எந்த மாதத்தில் வந்திருந்தாலும் உருப்படியாகப் பார்த்திருக்கலாம்.

இப்போது சீசன் முடிந்துவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள். அட்டை அனுப்புவதானால் அனுப்பு, வால் படம் வேண்டாம்.

அண்ணி